ஏழுமடை வட்டில்

கதை சொல்லட்டுமா? சொல்கிறேன். ஆனால் நடுவில் "அப்புறம், அப்புறம்" என்று நச்சரித்தால் எழுந்து போய்விடுவேன். அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியும். அது வரும்போது வரும்.

வெகு காலத்துக்கு முன்னால், திரும்பிய பக்கமெல்லாம் ராஜாக்கள் மலிந்து கிடந்த காலத்தில், மேழிநாட்டை வேட்டரையன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். குடிகளை அடிக்கமாட்டான். அண்டை நாட்டோடு வம்புக்குப் போகமாட்டான். வழக்கு கேட்கும்போது தூங்கமாட்டான். அவனுக்கு ஒரே ஒரு அரிப்பு இருந்தது. பழைய பொருள் என்றால் உயிரை விட்டுவிடுவான்.

புதிதாக ஒரு தங்கக் கிண்ணம் கொண்டுபோய் நீட்டுங்கள், முகத்தைச் சுளிப்பான். விளிம்பு நசுங்கிய பழைய கிண்ணத்தைக் கொண்டுபோங்கள், மார்போடு அணைத்துக்கொள்வான். அரண்மனை முழுக்கப் பழம்பொருள். விருந்தாளி களைத்துப்போய் உட்காரப் போனால் காவலன் அலறிக்கொண்டு ஓடிவருவான், அது எண்ணூறு வருஷத்து முக்காலி ஐயா, தயவுசெய்து நில்லுங்கள் என்று. அந்த அரண்மனையில் நின்றே கால் வீங்கிய தூதர்கள் பலர்.

இத்தனையும் யார் கொண்டுவந்து கொடுத்தது? காரித்தத்தன் என்று ஒரு வணிகன். எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் அவனிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. மண் ஒட்டியிருந்தால், "பூமியைத் தோண்டினேன், கிடைத்தது" என்பான். ஈரமாக இருந்தால், "ஆற்றில் அடித்துக்கொண்டு வந்தது" என்பான். மண்ணும் இல்லை, ஈரமும் இல்லை, விபூதி வாசனை அடிக்கிறது என்றால், "ஒரு பெரியவர் பிரியப்பட்டுக் கொடுத்தார்" என்பான். அந்தப் பெரியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. இந்த நாட்டில் இத்தனை பிரியமான பெரியவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்கும் பார்க்க ஆசைதான்.

வந்த பொருளைப் படித்துச் சொல்ல ஒரு புலவர் இருந்தார். பெயர் விடங்கனார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. சாணி அப்பிய கல் ஒன்றைக் கொடுத்தாலும் ஒரு நாள் முகர்ந்து பார்ப்பார், ஒரு நாள் தடவிப் பார்ப்பார், ஒரு நாள் தட்டிப் பார்ப்பார். நான்காம் நாள், இது இன்ன காலத்துக் கருவி என்று சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஓலை எழுதி அதன் கழுத்தில் கட்டிவிடுவார். அது என்ன பொருள், எவ்வளவு பழையது, வேலைப்பாடு எப்படி என்று மூன்று வரி இருக்கும். நான்காவது வரியில், எங்கிருந்து வந்தது என்பதற்கு இடம் விட்டிருப்பார். அந்த இடம் எல்லா ஓலையிலும் காலியாகவே இருந்தது. கேட்டால், அதெல்லாம் வணிகர் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்பார். உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் பொருள் போய்விடும் என்ற பயம். படிக்கிற ஆசை இருக்கிறதே, அது பொல்லாத ஆசை.

இப்படி இருக்கும்போது காரித்தத்தன் ஒருநாள் ஒரு செம்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்தான். இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவு. வழவழவென்று தேய்ந்திருந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. விளிம்பைச் சுற்றிப் பழைய எழுத்தில் இரண்டே சொல்: ஏழுமடை வட்டில்.

எங்கே கிடைத்தது? பாத்திரம் ஈரமாக இருந்தது. ஆகவே ஆற்றில் அடித்துக்கொண்டு வந்தது.

விடங்கனார் முகர்ந்தார், தடவினார், தட்டினார். ஓட்டைக்குள் குதிரைவால் மயிரை விட்டுப் பார்த்தார். மூன்று மயிர் சேர்ந்து நுழைந்தது, நான்காவது நுழையவில்லை. அதையும் மறக்காமல் ஓலையில் எழுதிவைத்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

பிறகு எழுத்துக்கு வந்தார். வட்டில் என்றால் என்ன? உண்கிற பாத்திரம். மடை என்றால் என்ன? சாமிக்குப் படைக்கிற சோறு. சோறு ஆக்குகிற இடத்தை மடைப்பள்ளி என்று நாமும் சொல்கிறோமே. ஆக, ஏழு மடை என்றால் ஏழு வேளைச் சோறு. முற்காலத்தில் ஏதோ ஒரு மாமன்னன் தினம் ஏழு வேளை இந்த வட்டிலில் உண்டிருக்கிறான். சரி, அடியில் ஓட்டை எதற்கு? அதிகப்படி நெய் வடிந்து போவதற்கு. பார்த்தீர்களா, முன்னோர்கள் உடம்பை எப்படிப் பேணினார்கள் என்று எழுதி முடித்தபோது புலவருக்கே புல்லரித்தது.

ராஜாவுக்குப் புல்லரிப்பு புலவரைவிட அதிகம். அன்றைக்கே விடங்கனாருக்கு முத்துமாலை போட்டு, "ஏழுமடை கண்ட புலவர்" என்று பட்டமும் கொடுத்தான். அடுத்த நாளிலிருந்து தானும் ஏழு வேளை அந்த வட்டிலில் உண்பதென்று சபதம் செய்தான். ராஜா சபதம் செய்துவிட்டால் லேசில் மாற்ற முடியுமா?

விடிந்ததும் பொங்கல். வெயில் ஏறியதும் அப்பம். உச்சிக்கு முன்னால் ஒரு சாப்பாடு, உச்சிக்குப் பின்னால் ஒரு சாப்பாடு. இப்படியே ஏழு. முதல் வாரம் ராஜாவுக்கு இடைக்கச்சை போதவில்லை. இரண்டாம் வாரம் சிம்மாசனம் போதவில்லை. மூன்றாம் வாரம் பட்டத்துக் குதிரை ராஜாவைக் கண்டதும் தானாகவே படுத்துக்கொண்டது. அரண்மனை வைத்தியர் காலில் விழுந்து கெஞ்சினார். ராஜாவுக்கும் உள்ளூர அழுகைதான். ஆனால் முன்னோர் வழி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தின்றான்.

அதில் ஒரு சங்கடம். நெய் மட்டும் வடிந்தால் பரவாயில்லை. பாயசமும் வடிந்தது, ரசமும் வடிந்தது. பட்டு வேட்டி ஏழு வேளையும் நாசமாயிற்று. ராஜா கடைசியில் பொற்கொல்லனை அழைத்து, அந்த ஓட்டையைத் தங்கத்தால் அடைத்துவிடு என்றான்.

பொற்கொல்லன் வட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற விடங்கனாரிடம் மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, இது விழுந்த ஓட்டை இல்லை, அளவு பார்த்துப் போட்ட ஓட்டை. இந்த மூன்று வாரக் கறையைத் தவிர உள்ளே பழைய சோற்றுக் கறை எதுவும் இல்லை, வெளியேதான் பாசிக் கறை ஏறியிருக்கிறது. இது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த பாத்திரம் போல இருக்கிறது."

அந்த நிமிஷம் விடங்கனாருக்குச் சுருக்கென்றது. மடை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது அவருக்குத் தெரியாதா? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வாய் இருக்கிறதே, அதற்கும் மடை என்றுதானே பெயர். ஒருவேளை ஏழுமடை என்பது ஓர் ஊராக இருந்தால்? இது அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரில் வைத்துப் பிழைக்கிற பொருளாக இருந்தால்?

கழுத்தில் முத்துமாலை கனத்தது. வாசலில் இரண்டு பேர், அதோ ஏழுமடை கண்ட புலவர் என்று காட்டிக்கொண்டு போனார்கள். புலவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். அடைத்துவிடு என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இப்போது ஊருக்குப் போவோம். ஆமாம், ஏழுமடை என்பது ஊர்தான். நீங்கள் முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் கெட்டிக்காரர்கள், பேசாமல் கேளுங்கள்.

ஓர் ஏரி, அதிலிருந்து ஒரு வாய்க்கால், அதில் ஏழு மடை. தண்ணீர் கொஞ்சம், வயல் நிறைய. முதல் மடைக்காரன் ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்தால் கடைமடைக்காரன் மண்ணைத்தான் பார்க்கவேண்டும். அதனால்தான் அந்த வட்டில். ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து அதன்மேல் வட்டிலை மிதக்க விடுவார்கள். அடி ஓட்டை வழியாக நீர் ஏறி ஏறி, சரியாக ஒரு நாழிகையில் வட்டில் முழுகும். ஒரு மடைக்கு எட்டு வட்டில் தண்ணீர். எட்டாவது முறை முழுகியதும் அந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். பெரிய வயலா, சின்ன வயலா, ஊர்த் தலைவனா, கூலிக்காரனா, வட்டிலுக்கு எதுவும் தெரியாது. ஓட்டைக்கு ஏற்றபடி முழுகும், அவ்வளவுதான்.

அதைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு காணி நிலம்கூடச் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. நிலமிருந்தால் கை நீளுமே. அப்படி நிலமில்லாத சேந்தி என்ற பெண் இருபது வருஷமாக வட்டில் பார்த்துவந்தாள். தொட்டிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்று அவள் ஒரு பாட்டுப் பாடுவாள். ஏழு மடையின் பெயர், எல்லா வயலின் பெயர், எல்லா மாட்டின் பெயர், அப்புறம் அந்த மாட்டுக்காரர்களின் குணம், எல்லாம் அதில் வரும். வட்டில் மிதக்கும்போது ஆரம்பித்தால் முழுகும்போது பாட்டு முடியும். இருபது வருஷம் பாடியதில் பாட்டும் வட்டிலும் ஒன்றாகிப்போயின.

நடவு முடிந்த சமயத்தில் காரித்தத்தன் ஊருக்கு வந்தான். வட்டிலைப் பார்த்தான், அசந்துபோனான், சேந்தியைப் புகழ்ந்தான். பிறகு திடீரென்று, மாடு பயிரில் இறங்கிவிட்டது என்று கத்தினான். பயிரில் மாடு என்று கேட்டால் ஏழுமடையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஊரே ஓடியது, சேந்தியும் ஓடினாள். மாடு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் வட்டிலும் இல்லை, வணிகனும் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது ஊரில் சண்டை. வட்டிலுக்குப் பதிலாக மூன்று வழி பார்த்தார்கள்.

முதல் வழி, ஒருவர் மூன்று வாய் வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் ஒரு வட்டில் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் மடைக்காரன் பல் இல்லாத தன் மாமனாரைக் கூட்டிவந்து உட்காரவைத்தான். கிழவர் மென்றார், மென்றார், பொழுது சாயும்வரை முதல் வாயையே மென்றார்.

இரண்டாம் வழி, கோல் நட்டு நிழல் அளந்தார்கள். யாருடைய மாடோ வந்து அந்தக் கோலில் முதுகைச் சொறிந்துகொண்டது. கோல் சாய்ந்தது, நிழல் நீண்டது, நான்காம் மடைக்காரன் மண்டை உடைந்தது.

மூன்றாம் வழி, சேந்தியின் பாட்டு. சேந்தி சரியாகத்தான் பாடினாள். யார் நம்புகிறார்கள்? முதல் மடைக்காரன் மோர் கொடுத்தான், அதனால் அவனுக்கு இழுத்துப் பாடுகிறாள் என்றான் ஒருவன். எனக்கு மட்டும் ஓட்டமாகப் பாடி முடித்துவிட்டாள் என்றான் இன்னொருவன். தொண்டை என்பது மனுஷத் தொண்டை, அதை யாரும் நம்பத் தயாராக இல்லை. செம்பை நம்பினார்கள், அவ்வளவு வருஷம்.

பயிர் சூல் கட்டும் பருவம் வந்தது. மேல் மடைகளைக் கைப்பலம் உள்ளவர்கள் திறந்துகொண்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவே இல்லை. ஊர் கூடியது. கூடி என்ன செய்தது? பலசாலிகளைக் கேட்டதா? கேட்காது. நிலமில்லாத ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பிடித்துக்கொண்டது. உன் கையில் இருந்த பொருள், உன்னால்தான் போயிற்று, வட்டிலோடு வந்தால் வா, இல்லாவிட்டால் ஊருக்குள் வராதே என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில் உப்பு விற்க வந்தவன் ஒரு சிரிப்புக் கதை சொன்னான். நம் ராஜா ஏழு வேளை தின்கிறாராம், குதிரை படுத்துவிட்டதாம். என்னவோ ஏழுமடை வட்டிலாம், அடியில் ஓட்டை இருந்ததாம், புலவர் ஒருவர் படித்துச் சொன்னாராம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குதிரைக் கதையிலேயே லயித்துப்போனதில் வட்டிலின் பெயர் யார் காதிலும் ஏறவில்லை, ஊருக்கு வெளியே நின்று கேட்ட சேந்தி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைநகரம் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் சபைக்கு வந்து சேர்ந்தபோது ராஜா நான்காம் வேளைக்கும் ஐந்தாம் வேளைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். மாடு கத்தியதைச் சொன்னாள், மன்னிக்கவும், மாட்டுக்காகக் கத்தியவனைச் சொன்னாள். அதோ நிற்கிறானே அவன்தான் என்று காரித்தத்தனைக் காட்டினாள்.

காரித்தத்தன் பதறவில்லை. ஆற்றில் அடித்துக்கொண்டு வந்தது அரசே என்றான். எந்த ஆறு என்று சேந்தி கேட்டாள். ஆற்றங்கரையில் தோண்டியபோது கிடைத்தது என்றான். எந்தக் கரை என்றாள். அந்தக் கரையில் ஒரு பெரியவர் பிரியப்பட்டுக் கொடுத்தார் என்றான். மூன்று பதிலையும் ஒரே பொருளுக்கு அவன் செலவழித்தது அதுதான் முதல் தடவை.

ராஜாவுக்கு வட்டிலைக் கொடுக்க மனம் வரவில்லை. உன்னுடையது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டான்.

"என் பாட்டுத்தான் சாட்சி, அரசே. அதைத் தண்ணீரில் வையுங்கள். நான் முதுகைக் காட்டி நின்று பாடுகிறேன். என் கடைசிச் சொல்லோடு அது முழுகும். முழுகாவிட்டால் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுங்கள்."

கொப்பரை நிறையத் தண்ணீர் வந்தது. வட்டிலை மிதக்க விட்டார்கள். சேந்தி திரும்பி நின்று பாடினாள். ஒரு நாழிகைப் பாட்டு என்றால் சும்மாவா? சபை முழுக்க நின்றபடி, முதல் மடைக்காரனின் கஞ்சத்தனம், மூன்றாம் மடைச் செவலைக் காளையின் திமிர், ஐந்தாம் மடைக்காரன் மனைவியின் வாய், எல்லாவற்றையும் கேட்டது. சேனாபதிக்குக் கால் மரத்துப்போயிற்று. அமைச்சர் செவலைக் காளையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பாட்டு முடிந்தது. சேந்தி திரும்பினாள். வட்டில் தாமரை இலை போல ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது.

சபை சிரித்தது. காரித்தத்தன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். சேந்தி கொப்பரையிடம் ஓடினாள். தடுமாறிப் போய்த் தண்ணீருக்குள் கையை விட்டு வட்டிலின் அடியைத் தடவினாள். விரலுக்கு ஓட்டை தட்டுப்படவில்லை.

"இதன் கண்ணைக் குருடாக்கிவிட்டீர்களே," என்றாள். இடி விழுந்தவள் போல அழுதாள்.

அது நெய் வடியப் போட்ட ஓட்டை, புலவரே எழுதியிருக்கிறார், பாயசமும் ஒழுகியதால் அடைத்தோம், பாத்திரம் என்றால் ஒழுகக் கூடாது அல்லவா என்று காரித்தத்தன் ஆரம்பித்தான். ராஜா தாடையைத் தடவினான். நெய்க்குப் போட்டதா, தண்ணீருக்குப் போட்டதா? அதைச் சொல்லக்கூடிய மனிதர் அந்தச் சபையில் ஒருவர்தான். எல்லோரும் விடங்கனார் பக்கம் திரும்பினார்கள்.

பொற்கொல்லன் பேசியிருக்கலாமே என்கிறீர்களா? புலவர் வாயைத் திறக்காத சபையில் கொல்லன் பேச்சு எடுபடுமா, நீங்களே சொல்லுங்கள்.

விடங்கனார் முன்னால் வந்தார். ஆம், நெய்க்குத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாலை நிற்கும், பட்டம் நிற்கும், ராஜாவின் ஐந்தாம் வேளை, ஆறாம் வேளை, ஏழாம் வேளை எல்லாம் நிலைக்கும். சேந்தி அழுதபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சவில்லை, அவர் யார் என்றே அவளுக்குத் தெரியாது. புலவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

"அரசே, அது நெய்க்குப் போட்ட ஓட்டை இல்லை, தண்ணீருக்குப் போட்ட ஓட்டை. மடை என்றால் சோறு என்று சொன்னேன். மடை என்றால் மதகு என்பதும் எனக்குத் தெரியும். இருபது நாளைக்கு முன்னால் என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் இந்த மாலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்."

ராஜா மெதுவாகத் தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு புலவரைப் பார்த்தான். மறுபடியும் வயிற்றைப் பார்த்தான்.

"அப்படியானால் எந்த முன்னோரும் ஏழு வேளை தின்றதில்லையா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்து இல்லை என்றார் விடங்கனார். அரண்மனை வைத்தியர் கையைக் கூப்பி மேலே பார்த்தார். ராஜாவுக்குக் கோபம் ஒரு பக்கம் வந்தது. இன்றைக்கு ஐந்தாம் வேளை கிடையாது என்ற ஆறுதல் இன்னொரு பக்கம் வந்தது. ஆறுதல்தான் பெரிதாக வந்தது.

உடனே பொற்கொல்லன் வந்தான். ஒரு குன்றிமணித் தங்கம்கூட மிஞ்சக் கூடாது, கனம் மாறினால் நேரம் மாறும் என்று சேந்தி பக்கத்தில் நின்று விரட்டினாள். அவன் தங்கத்தை உருக்கி எடுத்துச் சுத்தம் செய்தான். விடங்கனார் தம் பழைய ஓலையைக் கொண்டுவந்து பார்த்து, குதிரைவால் மயிரை விட்டார். மூன்று நுழைந்தது, நான்காவது நுழையவில்லை. பழைய அளவேதான்.

மறுபடியும் கொப்பரை, மறுபடியும் பாட்டு. இந்தத் தடவை சபைக்கே பாட்டு பாதி மனப்பாடம். செவலைக் காளை வந்ததும் சேனாபதியும் சேர்ந்து முனகினார். கடைமடை வந்தது. கடைமடைக்காரன் குன்றனின் கடைசி வயல் வந்தது. கடைசிச் சொல் அவள் வாயிலிருந்து விழுந்ததும், பின்னால் குளுக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொப்பரையில் வட்டிலைக் காணோம்.

ஆனாலும் ராஜா ராஜாதானே, ஒருதரம் முயன்று பார்த்தான். உனக்குப் பத்துப் புது வட்டில் செய்து தருகிறேன், இது பழையது, இங்கேயே இருக்கட்டும், திருடர் பயம் இல்லை, பத்திரமாக இருக்கும் என்றான்.

"புது வட்டில் செய்தால் யார் அளவுக்குச் செய்தது என்று முதல் நாளே சண்டை வரும், அரசே. எங்கள் தாத்தாக்களின் தாத்தாக்கள் ஒப்புக்கொண்டது இது ஒன்றைத்தான். இங்கே பத்திரமாக இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு இது பத்திரமாக இருந்து பிரயோசனம் இல்லை. இது முழுகவேண்டும்."

ராஜா வட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தான். கொடுக்குமுன் இன்னொரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பார்க்கட்டும், பரவாயில்லை, கொடுத்தானே.

அதோடு விடவில்லை. அரண்மனையில் இருந்த அறுநூறு பொருளின் ஓலையிலும் நான்காவது வரியை எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டான். காரித்தத்தன் ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்துபோய், எடுத்த இடத்தில், எடுத்த விதத்தைத் தன் வாயாலேயே சொல்லி வைத்துவிட்டு வரவேண்டும். சில ஊரில் திட்டு வாங்கினான். சில ஊரில் சாணி வாங்கினான். ஓர் ஊரில் மட்டும், இது இங்கே கேட்பாரற்றுக் கிடந்தது, அரண்மனையிலேயே இருக்கட்டும், ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை எழுதிவையுங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதையும் அவனேதான் திரும்பச் சுமந்தான். எங்கே எடுத்தோம் என்று அவனுக்கே மறந்துபோன பொருள்களுக்கு, உரியவர் தெரியவில்லை, தெரிந்தவர் வந்து கேட்கலாம் என்று வாசலில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

விடங்கனார், சபை கலைந்த கையோடு, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேந்தியோடு ஏழுமடைக்குப் புறப்பட்டார். அந்த வட்டில் வேலை செய்வதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்னே சொன்னேனே, பொல்லாத ஆசை என்று. அது லேசில் விடாது.

வட்டிலைக் கண்டதும் ஊர் ஆடித் தீர்த்தது. வராதே என்று சொன்ன வாய்களே சேந்தியை வா வா என்றன. அவளும் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட்டில் மிதந்தது, முழுகியது. முதல் மடையை அடைத்தார்கள், இரண்டாவதைத் திறந்தார்கள். பல்லில்லாக் கிழவர் உட்பட ஒருவரும் மூச்சு விடவில்லை. புலவர் ஒவ்வொரு மடையாக நடந்து பார்த்துக்கொண்டே போனார். பயிர் தலைதூக்கி நின்றது. சில இடத்தில் பச்சை, சில இடத்தில் கொஞ்சம் மஞ்சள், எல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

கடைமடைக்கு வந்தார். அங்கே குன்றனின் வயல் வைக்கோலாக நின்றது. கையை வைத்தால் நொறுங்கியது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

எப்போது காய்ந்தது என்று விடங்கனார் கேட்டார். பத்து நாள் ஆயிற்று என்றான் குன்றன். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வட்டில் தண்ணீர் கிடைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும் என்றான். புலவர் மனசுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தார். சபையில் உண்மையைச் சொன்னது மூன்று நாளைக்கு முன்னால். பொற்கொல்லன் அவர் காதில் சொன்னது அதற்கும் இருபது நாளைக்கு முன்னால். அன்றைக்கு இந்த வயல் பச்சையாக இருந்திருக்கிறது.

குன்றனுக்கு இதெல்லாம் தெரியாது. தலைநகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர் வெயிலில் நிற்கிறாரே என்று வேப்ப மரத்து நிழலுக்கு அழைத்துப்போனான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். பிறகு மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான்.

"எங்கள் வட்டிலைப் பற்றி நீங்கள் நிறைய எழுதினீர்களாமே ஐயா. அதில் எங்களைப் பற்றி ஏதாவது வருகிறதா?"

விடங்கனார் தண்ணீரைக் கீழே வைத்தார். அந்தக் காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், பெரியவர், சின்னப்பிள்ளை போல அழுதார்.

அவ்வளவுதான் கதை. இதில் நீதி என்னவென்று கேட்பீர்கள், கேட்காமல் போகமாட்டீர்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: ஒரு பொருளைப் பற்றி ஆயிரம் தெரிந்துகொண்டாலும், அது யாருடையது என்று முதலில் கேட்காதவன் கற்ற கல்வியும் களவில் ஒரு பங்குதான்.